தாய்மாமனுக்குக் கதிரை வேண்டாம்

1

என் நாரி நோவுக்கு இந்தத் தை மாதத்தோடு ஒன்பது வயது. வீட்டில் மற்றவர்களின் பிறந்தநாள்களை மறந்து ஏச்சு வாங்குகிற எனக்கு இதன் பிறந்தநாள் மட்டும் மறப்பதில்லை. பொங்கலுக்கு மறுநாள், லண்டனுக்கு வெளியே ஒரு பண்டகசாலையில், முழுச் சம்பள நேரத்தில் அது பிறந்தது.

நாரி என்றால் எது என்று ஊரில் இருக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: முதுகு முடிந்து சாரம், அதாவது லுங்கி, கட்டுகிற இடம். ஒழுங்காக வேலை செய்கிற காலத்தில் அது இருக்கிறதென்றே யாருக்கும் தெரியாது.

பிறந்த விதத்தைச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கம். வன்னியில், அக்கராயனில் அப்பாவின் வயலில் நெல் மூட்டை சுமந்தவன் நான். இடம்பெயர்ந்த நாள்களில் ஒரு வீட்டின் பாதியைச் சைக்கிளில் கட்டி, அதற்கு மேல் தங்கச்சியையும் ஏற்றி உருட்டியவன். அப்படிப்பட்ட முதுகு ஒருநாள் விழுவதென்றால் கொஞ்சம் மரியாதையாக விழவேண்டாமா? மலசலகூடக் கடதாசிப் பொதி ஒன்றைத் தூக்கக் குனிந்தேன். குழந்தைகூடத் தூக்கும் பொதி. குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மேற்பார்வையாளர் வந்தார். நான் தரையில் எதையோ தேடுகிறேன் என்று நினைத்துத் தானும் குனிந்து தேடினார். நல்ல மனிதர். கடைசிவரை எதைத் தேடினோம் என்று அவர் கேட்கவில்லை.

2

குடும்ப வைத்தியர் முதலில் கேட்டது ஓர் எண்ணை. நோ இல்லாவிட்டால் பூச்சியம், தாங்கவே முடியாவிட்டால் பத்து. உங்களுடையது எத்தனை?

தமிழில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். காலையில் விறைப்பு, மத்தியானம் உளைவு, கதிரையால் எழும்பும்போது குத்து, இரவில் கடுப்பு, மழைக்கு முதல்நாள் இழுவை. எங்களிடம் நோவுக்கு ஒரு அலுமாரி நிறையச் சொற்கள் உண்டு. அவருக்கு வேண்டியது ஓர் எண். நான் யோசித்தேன். பத்து என்றால் என்னவென்று வன்னிப் போருக்குள்ளால் வந்த எவருக்கும் தெரியும். கண்ணால் கண்டிருக்கிறோம், தோளில் தூக்கியும் இருக்கிறோம். அந்தப் பத்துக்குப் பக்கத்தில் இந்தக் கடதாசிப் பொதி நோவை வைத்துப் பார்த்தால் நாலு சொல்லவே கூச்சமாக இருந்தது.

"மூன்று, சில நேரம் நாலு" என்றேன்.

வைத்தியரின் முகம் மலர்ந்தது. மூன்றுக்குத் தரவேண்டிய மாத்திரையைத் தந்தார். பிறகு, பல மாதக் காத்திருப்புக்குப் பின், படம் எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, வயதுக்கேற்ற தேய்மானம், இதோடு வாழப் பழகுங்கள் என்று கடிதம் வந்தது. என்னைப் போன்ற பலரை நான் இந்த நாட்டில் சந்தித்திருக்கிறேன். எல்லாருடைய நோவும் மூன்று.

மாத்திரை நோவை ஒன்றும் செய்யவில்லை, என்னைத்தான் செய்தது. பேருந்தில் தூங்கி, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி, எனக்குத் தெரியாத ஊர்களையெல்லாம் பார்த்தேன். வேலையிடத்தில் என்னைத் தூக்கும் வேலையிலிருந்து எடுத்துக் கணினித் திரைக்கு முன்னால் வைத்தார்கள். உட்காருவதற்கென்று ஒரு விசேட கதிரை. அது கிடைக்க நிரப்பிய படிவத்தில் மாடிப்படி ஏறுவீர்களா, சப்பாத்து நாடா கட்டுவீர்களா என்றெல்லாம் கேட்டிருந்தது. தரையில் உட்கார்ந்து இருப்பீர்களா என்று கேட்கவேயில்லை. இந்த நாட்டில் தரை நிற்பதற்கும் விழுவதற்கும் மட்டும்.

பிறகு கதிரைகள் பெருகின. சாமி அறையில் ஒன்று, குளிக்கும் அறையில் ஒன்று, பிறந்தநாள் பரிசாக மகள் தந்த சாய்மனை ஒன்று. நடை நின்றது. வயிறு வளர்ந்தது. என்னுடன் கதைப்பதற்கு முன் வீட்டில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக் காலநிலை அறியத் தொடங்கினார்கள்.

3

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி கௌரி அக்கராயனிலிருந்து தொலைபேசி எடுத்தாள். அவளுக்குக் கலியாணம் பிந்தி. பிள்ளை அதைவிடப் பிந்தி. கிளிநொச்சியில் டொக்டர்மாரே கைவிட்ட பிறகு யாழினி பிறந்தாள்.

"அண்ணை, பிள்ளைக்குக் காது குத்தப் போறம். தை முடியிறதுக்கு முதல் ஒரு நாள் பாத்திருக்கு. நீங்கள் வாறியள்தானே?"

"வராமல்? என்ர மடியிலதானே குத்தவேணும்."

மறுமுனையில் கௌரி பிள்ளையை அதட்டத் தொடங்கினாள். அவள் கதையை மாற்றினால் ஏதோ ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்று அர்த்தம்.

"என்னடி?"

"இல்லை அண்ணை, உங்கட நாரி... இவர் சொல்லுறார், கதிரை ஒண்டு போட்டு அதில உங்களை இருத்துவமாம். இல்லாட்டி சித்தப்பான்ர மகன் குணத்தை இருத்துவம். அவனும் மாமன்தானே."

குணம் மாமன்தான். நல்ல பிள்ளை. ஆனால் கௌரியோடு கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர். தம்பி இருந்திருந்தால் அவன் மடி இருந்திருக்கும். அவனை நாங்கள் தேடவேண்டிய இடமெல்லாம் தேடிவிட்டோம். மிச்சம் இருக்கிற மடி இது ஒன்று.

கதிரை என்றதும் எனக்குப் போனமுறை நினைவுக்கு வந்தது. சில வருடங்களுக்கு முன் போயிருந்தபோது கோயிலில் அன்னதானம். ஊரே நிலத்தில் வரிசையாக இருந்து சாப்பிட்டது. எனக்கு மட்டும் சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையும் ஒரு ஸ்டூலும். மரியாதைக்குத்தான் செய்தார்கள். தேர்தல் பார்வையாளர் போல உயரத்தில் இருந்து சோறு சாப்பிட்டேன். என்னோடு பள்ளிக்கூடம் போனவன் பந்தியில் இருந்தபடி அண்ணாந்து பார்த்து, "மேல காத்து எப்பிடி, மச்சான்?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இலையைப் பாதியில் மடித்தேன்.

"கௌரி, பதுங்குகுழிக்குள்ள நாங்கள் மூண்டு பேரும் இருக்கேக்க ஆரும் கதிரை போட்டவையோ?"

"அண்ணை, அப்ப உங்களுக்குப் பதினெட்டு வயசு."

"கதிரையை ஆருக்கும் குடுத்துப்போடு. நான் நிலத்தில இருப்பன்."

தொலைபேசியை வைத்துவிட்டுச் சாய்மனையிலிருந்து வீராவேசமாக எழும்பப் பார்த்தேன். முடியவில்லை. மனைவி வசந்தி வந்து தூக்கிவிட்டாள்.

"என்னப்பா, நிலத்தில இருக்கப் போறியளாம்?" என்றாள். "முதல்ல கதிரையால எழும்புங்கோ."

4

ஒஸ்டியோபதி என்று ஒன்று இருப்பதைச் சொன்னவர் கூட வேலை செய்யும் செல்வம். கையாலேயே தசையையும் மூட்டையும் பார்த்து வைத்தியம் செய்கிறவர்களாம். அவருடைய மச்சாளின் கழுத்து அதில்தான் திரும்பியதாம். "உது எங்கட ஊரில எண்ணெய் போட்டு உருவுறதுதான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு செய்யினம், அவ்வளவுதான்" என்று விளக்கமும் தந்தார்.

அந்த விளக்கத்தை நம்பியதுதான் பிழை. போகிற அன்று காலை வசந்தி நல்லெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி, கழுத்திலிருந்து சாரக்கட்டுவரை தேய்த்துவிட்டாள். "வைத்தியம் செய்யிற அவா பாவம், நீங்கள் போனவுடன தொடங்கலாம். அவாக்கு ஏன் வீண் மினக்கேடு?" என்பது அவளுடைய நியாயம். அதற்கு மேல் தைலம். அதற்கு மேல் உள்சட்டை. அதற்கு மேல் குளிருக்குக் கம்பளி. பேருந்தில் எனக்குப் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே வந்தது.

வைத்தியரின் பெயர் இசபெல். போர்த்துக்கல்காரி. குள்ளமான உருவம், பாணுக்கு மா பிசைகிறவர்களின் முன்கை. என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி நாரியில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். கை வழுக்கித் தோளுக்குப் போனது. மறுபடி வைத்தார். மறுபடி தோள். எதையாவது பிடித்துக்கொள்ள அவர் கட்டிலின் விளிம்பைத் தேடியது எனக்குக் கேட்டது.

"உங்களைப் பொரிக்கத்தான் கொண்டுவந்தார்களா?" என்று கேட்டார்.

எங்கள் ஊர் மரியாதையை விளக்கினேன். அவர் ஒரு சுருள் கடதாசியை எடுத்து என்னைத் துடைக்கத் தொடங்கினார். என்ன கடதாசி என்று திரும்பிப் பார்த்தேன். அதேதான். ஒன்பது வருடப் பகை என் முதுகில் ஊர்ந்தது.

துடைத்து முடித்த பிறகு கேள்வி கேட்டார். காலில் விறைப்போ பலவீனமோ உண்டா, சலம் மலம் போவதில் மாற்றம் உண்டா, படத்தில் என்ன சொன்னார்கள். அப்படி ஏதும் இருந்தால் தான் தொடமாட்டேன், ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன் என்றார். இல்லை என்றேன். நோவுக்கு எண் கேட்பார் என்று மூன்றைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

"இந்த நோவால் உங்களுக்குச் செய்யமுடியாமல் போன ஒன்றைச் சொல்லுங்கள்."

ஒன்பது வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி.  நிலத்தைக் காட்டினேன். காலை மடித்துச் சப்பாணி கட்டி இருப்பதைக் கையால் காட்டினேன். தங்கச்சி, பிந்திப் பிறந்த பிள்ளை, காது, தாய்மாமன் மடி என்று என் ஆங்கிலத்தில் அள்ளிக் கொட்டினேன்.

"காதைக் குத்துவது நீங்களா?"

"இல்லை, பத்தர். நகை செய்கிறவர்."

"அப்படியானால் உங்கள் வேலை?"

"பிள்ளை என்மேல் இருந்து அழும். அசையாமல் இருக்கவேண்டும்."

"இலகுவான வேலை இல்லை" என்றார் இசபெல். சிரிக்காமல் சொன்னார்.

5

எலும்பு விலகியிருக்கிறது, படக்கென்று மாட்டிவிடுவார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். எலும்பு எங்கும் போகவில்லை என்றார். சுற்றியிருக்கும் தசைகள் ஒன்பது வருடமாகக் காவல் நிற்கின்றன, ஆபத்துப் போய்விட்டது என்று அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை, நான் கையால் சொல்லிப் பார்க்கிறேன், மிச்சத்தை நீங்கள் வீட்டில் சொல்லவேண்டும். நோ முழுதாகப் போகும் என்று வாக்குத் தரமாட்டேன். நோ இருந்தாலும் நீங்கள் நிலத்துக்குப் போய் வரலாம், அதற்கு முயல்வேன். இவ்வளவுதான் அவர் சொன்னது. ஊர்ப் பத்திரிகை விளம்பரங்களில் இதைவிட அதிகம் தருகிறார்கள். இருந்தாலும் இந்தச் சொல்லை நான் நம்பினேன்.

முன்கையை முதுகோடு வைத்து மெதுவாக உழுவார். காலை மடித்துத் தொடை மூட்டைப் பம்பரம் போலச் சுற்றுவார். விலா எலும்புகளுக்கு நடுவில் விரல் வைத்துக் காத்திருப்பார். சில நாள் சுகம். சில நாள் மறுநாள் உளைவு. ஒருநாள் என்னைக் குனியச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்.

"ஏன் மூச்சை நிறுத்துகிறீர்கள்?"

"நிறுத்தவில்லையே."

"குனியும்போதெல்லாம் நிறுத்துகிறீர்கள். எங்கே பழகினீர்கள்?"

எங்கே பழகினேன் என்று எனக்குத் தெரியும். மேலே சத்தம் கேட்டால் குனிவது, குனிந்தால் மூச்சை அடக்குவது. எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறை முழுதும் அப்படித்தான் குனிந்தது. "வேலையிடத்தில்" என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. விலாவில் கை வைத்து, "விடுங்கள்" என்றார். விட்டேன். நெஞ்சுக்குள் இவ்வளவு காற்று இருந்தது எனக்கே தெரியாது.

வீட்டுப்பாடமும் உண்டு. வேலைக்கு ஒரு தரிப்பிடம் முன்னதாக இறங்கி நடக்கவேண்டும். மணிக்கணக்காகத் திரைக்கு முன்னால் இருக்கக்கூடாது. வீட்டில் தலையணைகளை அடுக்கி அதன்மேல் சப்பாணி கட்டி இருக்கவேண்டும், வாரம் போகப்போக ஒவ்வொன்றாக உருவவேண்டும். மாத்திரையைக் குறைப்பதைப் பற்றி வைத்தியரிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன். குறைத்தார். பேருந்தில் விழித்திருந்ததால் என் ஊரே எனக்குப் புதிதாகத் தெரிந்தது.

நான் தலையணைக் கோபுரத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து வசந்தி சொன்னாள்: "சாமி அறையில இருக்கிறவருக்குப் போட்டியாக ஒருத்தர் வந்திட்டார்."

ஒருமுறை நான் கட்டிலில் கிடந்தபோது இசபெலின் அம்மா தொலைபேசியில் வந்தார். இசபெல் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தங்கள் மொழியில் கதைத்தார். அதில் ஒரு சொல் எனக்குக் கதிரை என்று கேட்டது. வைத்த பிறகு விசாரித்தேன். அம்மாவுக்குப் புதுக் கதிரை வாங்குவது பற்றிய கதையாம். நான் எங்கள் வீட்டுச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கதிரை, அலுமாரி, குசினி, யன்னல். எல்லாம் தன் மொழிச் சொற்கள் என்று அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நாங்கள் நிலத்தில் சுகமாகத்தான் இருந்தோம்" என்றேன். "உங்கள் ஆட்கள் கப்பலில் வந்து எங்களைக் கதிரையில் ஏற்றிவிட்டார்கள். இப்போது நீங்கள் இறக்கிவிடுகிறீர்கள். கணக்குச் சரி."

"என்னால் ஓர் ஆளைத்தான் இறக்கமுடியும்" என்றார்.

"இப்போதைக்குப் போதும்."

6

பயணத்துக்கு மூன்று நாள் இருக்க, காலுறை போடும்போது நாரி மறுபடி பிடித்தது. சொக்கிலேற் நிறைந்த சூட்கேசைத் தூக்கியபோது அல்ல, காலுறை போடும்போது. என் முதுகுக்குப் பாரத்தோடு கோபமில்லை, மானத்தோடுதான் கோபம்.

மகள் ஆரணி பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தாள். தமிழ் விளங்கும், கதைக்கும்போது கொஞ்சம் கால் இடறும்.

"அப்பா, போகவேண்டாம். மாமி வீடியோ கோல் போடுவா. நீங்கள் அதில பாக்கலாம்தானே."

"வீடியோவில மடி எங்க இருக்கு, பிள்ளை?"

"குணம் சித்தப்பா இருக்கிறார்."

"குணம் சித்தப்பாவுக்கும் தங்கச்சி இருக்கிறா. அவர் அங்க இருக்கட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். எப்போதும் இந்த இடத்தில் தோளைக் குலுக்கிவிட்டு அறைக்குள் போவாள். அன்று போகவில்லை.

"அப்ப நானும் வாறன். ஆராவது சூட்கேசைத் தூக்கவேணுமே."

இசபெல் அவசரத்தில் நேரம் தந்தார். பழைய கேள்விகளையெல்லாம் மறுபடி கேட்டார், காலைத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். பயந்த தசை, அவ்வளவுதான் என்றார். படுத்துக் கிடக்கவேண்டாம், விமானத்தில் இருக்கையில் ஒட்டிக் கிடக்காமல் எழும்பி எழும்பி நடக்கவேண்டும். நடந்தேன். பணிப்பெண் இரண்டு முறை கழிவறை எந்தப் பக்கம் என்று காட்டினார்.

கொழும்பிலிருந்து வான் வண்டியில் போகும்போது மாங்குளத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். வண்டியில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, இசபெல் சொல்லித் தந்தபடி மூச்சு விட்டேன். கடைக்காரர் ஓடிவந்தார்.

"ஐயோ, அண்ணைக்குத் தலை சுத்துதோ? தம்பி, கதிரை ஒண்டு கொண்டுவா!"

கதிரை வந்தது. சிவப்பு. எங்கள் நாட்டில் எல்லாம் பிந்தும், கதிரை மட்டும் பிந்தாது.

"நான் வானைத் தள்ளிப் பாக்கிறன், தம்பி" என்றேன். அவர் உண்மை என்று நம்பி, ஒரு கை கொடுக்கவும் வந்தார்.

7

கௌரி வீட்டு முற்றத்தில் பந்தல். பந்தலுக்குக் கீழே பாய். பாய்க்குப் பக்கத்தில், துவாய் விரித்து, சிவப்புக் கதிரை.

"உதை எடுக்கச் சொன்னனானெல்லோ?" என்றேன்.

"இருக்கட்டும் அத்தான். ஒரு காவலுக்கு" என்றார் கௌரியின் புருசன் தவம். வயல் செய்கிற நல்ல கமக்காரன். குளம் நிறைந்திருந்தாலும் வானத்தைப் பார்ப்பவர்.

பத்தர் முன்பே பாயில் இருந்து ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தாய்மாமன் அதில இருந்தால் நான் என்ன, வேலியில ஏறி நிண்டே குத்துறது?"

முற்றம் சிரித்தது. கௌரி சிரிக்கவில்லை. பட்டுச் சட்டை போட்ட யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளையை மடியில் வைத்தபின் நான் துள்ளினால் ஊசி எங்கே போகும் என்று அவளுக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான். மூன்று என்று சொல்லமாட்டேன். அப்போது கேட்டிருந்தால் எட்டு.

பாயின் விளிம்பில் நின்றேன். ஒரு முழங்காலை ஊன்றினேன். கையை வைத்தேன். மூச்சை விட்டேன். முழு ஊரும் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மற்ற முழங்கால், பிறகு பக்கவாட்டில் சரிந்து, காலை இழுத்து மடித்து, சப்பாணி. நாரியில் பழைய ஆள் ஒரு குத்துக் குத்தினான். இன்னொரு மூச்சு. அவன் முணுமுணுத்துக்கொண்டு இருந்தான், நானும் இருந்தேன்.

"கொண்டா பிள்ளையை."

யாழினி என் மீசையைப் பிடித்தாள். முதல் காதுக்குத் திகைத்தாள். இரண்டாவது காதுக்கு, முறிகண்டிவரை கேட்கும்படி கத்தினாள். காலால் என் வயிற்றில் உதைத்தாள், வேட்டியை நனைத்தாள், மீசையில் பாதியைக் கையோடு கொண்டுபோகப் பார்த்தாள். நான் அசையவில்லை. இசபெல் சொன்னது சரி, இலகுவான வேலை இல்லை.

"ஒரு மாமன் காணும், பிள்ளைக்குப் போதும்" என்று பத்தர் சொன்னபோது கௌரி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். யாரை நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். நானும் அவனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழும்புவதுதான் மிச்சம். தவம், குணம், செம்பும் கையுமாக நின்ற மனுசி என்று நாலு பக்கமும் கை நீண்டது.

"ஒருத்தரும் தொடாதேங்கோ!"

கையை ஊன்றி, நாலு காலில் நின்று, பின்பக்கத்தை முதலில் உயர்த்தி, எங்கள் பட்டிமாடு எழும்பும் அதே ஒழுங்கில் எழும்பினேன். அழகில்லை. ஆரணி படம் பிடித்திருக்கிறாள். அதை எந்தக் குடும்பக் குழுவிலும் போடக்கூடாது என்று கெஞ்சினேன். போட்டுவிட்டாள். லண்டனிலிருந்து வசந்தி எழுதினாள்: "வடிவா எழும்பியிருக்கிறியள். இனிச் சாய்மனையை விக்கலாம்."

பிறகு பந்தி. என் இலை நிலத்தில், வரிசையில், எல்லாருடைய இலைக்கும் நடுவில். ஆரணி பக்கத்தில் இருந்து, கால் மரத்துப்போச்சு என்று நெளிந்துகொண்டே சாப்பிட்டாள். மேலே காற்று எப்படி என்று கேட்ட அதே ஆள் எதிரில் இருந்தான். அண்ணாந்து பார்க்காமலே என்னைக் கண்டான். ஒன்றும் சொல்லாமல் தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தான்.

சிவப்புக் கதிரையை யாரோ பந்தலின் மூலைக்கு இழுத்து, துவாயையும் எடுக்காமல், அதன்மேல் சோற்றுக் கிடாரத்தை ஏற்றியிருந்தார்கள். பரிமாற வந்த தவத்திடம் என்னவென்று கண்ணால் கேட்டேன்.

"கிடாரத்துக்கு நாரி நோவாம், அத்தான்" என்றார். "நிலத்தில இருக்க ஏலாதாம்."